இயந்திரச் செரிமானம் வேதிச் செரிமானத்தை எப்படி வேகப்படுத்துகிறது? பரப்பளவோடு முடியாத ஒரு விடை

கேள்வி இதுதான்: மெல்லுதல், இரைப்பை கடைதல் போன்ற இயந்திரச் செரிமானம் வேதிச் செரிமானத்தின் வேகத்தை எப்படி மாற்றுகிறது? "பரப்பளவு கூடுவதால் நொதிகள் வேகமாக வேலை செய்கின்றன" என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் சொல்ல ஏதாவது உண்டா?

நிறையவே உண்டு. அந்த வரி தப்பில்லை, ஆனால் பாதி விஷயம்தான் அதில் இருக்கிறது. அதிலும் "நொதிகள் வேகமாக வேலை செய்கின்றன" என்ற பகுதி படிப்பவரைத் தவறான பக்கம் இழுத்துவிடும். இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதி பெப்சின். அதன் ஒரு மூலக்கூறு ஒரு புரதப் பிணைப்பை வெட்ட எடுக்கும் நேரம், நன்றாக மென்றாலும் மெல்லாமல் விழுங்கினாலும் ஒன்றுதான். அது வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும் பொறுத்தது. பற்களும் இரைப்பைத் தசையும் மாற்றுவது வேறொன்றை: ஒரே நேரத்தில் எத்தனை நொதி மூலக்கூறுகள் வெட்டவேண்டிய பிணைப்பின் பக்கத்தில் போய்ச் சேர முடியும் என்பதை. நொதிக்கு வழி கிடைப்பதுதான் எங்கே தடையாக இருக்கிறதோ, அங்கே இயந்திரச் செரிமானம் பெரிய வித்தியாசம் செய்கிறது. வழி ஏற்கெனவே திறந்திருந்தால் எவ்வளவு மென்றும் வேகம் கூடாது. சர்க்கரைக் கரைசலை மென்று பயனில்லை. பாதாமை மெல்லாமல் விழுங்கினால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மற்ற உணவுகள் எல்லாம் இருக்கின்றன.

முதலில் இரண்டு வேலைகளையும் பிரித்துக்கொள்வோம். இயந்திரச் செரிமானத்தில் பெரிய துண்டு சிறிய துண்டாகிறது, எண்ணெய்த் துளி குட்டித் துளிகளாகிறது, எல்லாம் கலக்கிறது. மூலக்கூறு எதுவும் மாறுவதில்லை. வேதிச் செரிமானத்தில் நீர் மூலக்கூறு ஒன்று சேர்ந்து பிணைப்பு ஒன்று உடைகிறது. இதை நீராற்பகுப்பு என்கிறோம். மாவுச்சத்து குளுக்கோஸாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் மாறுவது இப்படித்தான். நொதி இல்லாமல், அமிலமோ காரமோ இல்லாத நீரில், அறை வெப்பநிலையில் ஒரு பெப்டைடு பிணைப்பு தானாக உடைய நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆக, எவ்வளவு நுணுக்கமாக அரைத்தாலும் அரைப்பது மட்டும் செரிமானம் ஆகாது. நொதி வேண்டும். அரைப்பது அந்த நொதிக்கு இடம் தருகிற வேலை.

இது ஒருகாலத்தில் பெரிய விவாதமாக இருந்தது. இரைப்பை உணவை அரைக்கிறதா, கரைக்கிறதா என்று 18-ஆம் நூற்றாண்டில் இரண்டு கட்சிகள். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், 1752-இல் வெளியான ஆய்வில், தான் வளர்த்த பருந்துக்கு உலோகக் குழாய்களை விழுங்கக் கொடுத்தார். குழாயின் உள்ளே இறைச்சி, இரண்டு முனைகளிலும் சல்லடை மாதிரி அடைப்பு. இரைப்பைச் சுவர் எவ்வளவு நெருக்கினாலும் குழாய்க்குள் இருக்கும் இறைச்சி நசுங்காது. ஆனால் பருந்து குழாயைத் திரும்பக் கக்கியபோது இறைச்சியில் ஒரு பகுதி கரைந்திருந்தது. கரைக்கும் நீர் ஒன்று இருக்கிறது, அரைக்காமலும் அது வேலை செய்கிறது என்று தெரிந்தது.

அரைத்தால் அந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். 1822-இல் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டது. காயம் ஆறியது, ஆனால் வயிற்றுச் சுவரில் இரைப்பை வரை ஒரு திறப்பு அப்படியே நின்றுவிட்டது. அதன் வழியே போமான்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கினார்; இரைப்பை நீரைச் சிறு குப்பிகளில் எடுத்து, உடல் சூட்டில் வைத்து, அதில் உணவு கரைவதையும் பார்த்தார். 1833-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று, உணவு எவ்வளவு நுணுக்கமாகப் பிரிந்திருக்கிறதோ, அதன் நார் எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் செரிக்கும் என்பது. ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் பரிசோதனைப் பொருளாக வைத்திருந்தது சரியா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். பார்த்ததை அவர் கவனமாகப் பதிந்து வைத்தார் என்பதும் உண்மை.

சரி, ஏன் சீக்கிரம் செரிக்கிறது? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுர இறைச்சித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் 8 கன சென்டிமீட்டர், வெளிப் பரப்பளவு 24 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 8,000 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் 6 சதுர மில்லிமீட்டர். மொத்தம் 480 சதுர சென்டிமீட்டர். இறைச்சி கூடவில்லை, பரப்பளவு 20 மடங்கு கூடிவிட்டது. பாடத்தில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பரப்பளவோடு இன்னொன்றும் மாறியிருக்கிறது: தூரம். பெரிய துண்டின் நடுப்பகுதி மேற்பரப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே இருந்தது. சிறிய துண்டின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர்தான் உள்ளே இருக்கிறது. நொதி உள்ளே போவது பரவல் மூலம், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே அலைந்து மெல்ல மெல்ல நகர்வதன் மூலம். பரவலின் குணம் என்னவென்றால், தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. பெப்சின் அளவுள்ள புரத மூலக்கூறு வெறும் நீரில் 1 சென்டிமீட்டர் பரவவே ஏறத்தாழ 6 நாள் ஆகும். அரை மில்லிமீட்டர் பரவ ஏறத்தாழ 20 நிமிடம் போதும். பரப்பளவு கூடியது 20 மடங்கு. உள்ளே போய்ச் சேரும் நேரம் குறைந்தது 400 மடங்கு. இறைச்சிக்குள் நார்களும் சவ்வுகளும் குறுக்கே நிற்பதால் உண்மையில் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். நிஜ இரைப்பையில் நொதி நடுப்பகுதி வரை போகக் காத்திருப்பதும் இல்லை. வெளிப்புறத்தை அரித்துக்கொண்டே உள்ளே நகர்கிறது. என்றாலும் கணக்கின் சாரம் மாறாது. பெரிய துண்டின் உள்பக்கம் இரைப்பை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் மணிக்கணக்கில் நொதியைப் பார்ப்பதே இல்லை. இந்தத் தூரக் கணக்கைப் பாடங்கள் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் சிறிய துண்டு எவ்வளவு பெரிய சலுகை என்பது அதில்தான் தெரிகிறது.

இந்தச் சலுகைக்கு ஓர் எல்லையும் உண்டு. நொதி ஒரு பிணைப்பை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும். மிக்கேலிஸும் மென்டனும் 1913-இல் கொடுத்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: வினைபடு பொருள் (நொதி வெட்டவேண்டிய பொருள்) அதிகமாக அதிகமாக வேகம் ஏறும், ஆனால் எல்லா நொதி மூலக்கூறுகளும் வேலையில் இருக்கும் நிலை வந்துவிட்டால் அதற்கு மேல் ஏறாது. திண்ம உணவில் நொதிக்கு எட்டுகிற பகுதிதான் வினைபடு பொருள். உள்ளே புதைந்திருப்பது கணக்கில் வராது. துண்டுகளைச் சிறிதாக்கும்போது எட்டுகிற பகுதி கூடுகிறது, வேகம் ஏறுகிறது. இருக்கும் நொதி முழுவதும் வேலையில் இறங்கிய பிறகு இன்னும் பொடியாக்கினாலும் லாபம் குறைந்துகொண்டே வரும். அப்போது தடை பரப்பளவு அல்ல, நொதியின் அளவு.

அந்த அளவையும் மெல்லுவது கூட்டிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாயில் உணவின் சுவையும் மெல்லும் அசைவும் நரம்புகள் வழியாக உமிழ்நீரைச் சுரக்க வைக்கின்றன; அதே நேரத்தில் மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்கும் செய்தி போகிறது. பாவ்லோவ் இதை நாய்களில் காட்டினார். உணவுக்குழாயைக் கழுத்தில் வெளியே திறந்துவிட்டதால் நாய் தின்றது எதுவும் இரைப்பைக்குப் போகாது. இருந்தும் இரைப்பை நீர் ஏராளமாகச் சுரந்தது. செரிமானம் பற்றிய பணிக்காக 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மெல்லும்போது ஒரு பக்கம் நொதிக்கு எட்டும் பகுதி கூடுகிறது, இன்னொரு பக்கம் நொதியே அதிகமாக வருகிறது.

இனி ஒவ்வோர் இடமாகப் போவோம்.

வாயில் நடப்பதில் மாவுச்சத்து விஷயம் சுவாரசியமானது. உமிழ்நீரில் உள்ள, மாவுச்சத்தை வெட்டும் நொதியான அமைலேஸுக்கு நடுநிலையை ஒட்டிய சூழல் வேண்டும். அமிலத்தில் அது செயலிழந்துவிடும். உணவு வாயில் இருப்பது சில நொடிகள்தானே, அதற்குள் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மென்று உருட்டிய கவளத்தின் உள்ளே உமிழ்நீர் கலந்தே இருக்கிறது. அது இரைப்பையின் மேற்பகுதியில் போய்த் தங்குகிறது. அங்கே கடைதல் மிகக் குறைவு. அமிலம் வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு நேரம் பிடிக்கிறது; அந்த நேரம் முழுக்கக் கவளத்தின் உள்ளே அமைலேஸ் வேலை செய்துகொண்டே இருக்கிறது. இதில் ஒரு முரண் இருக்கிறது. வாயில் நடந்த கலக்கல் அமைலேஸுக்கு உதவியது; இரைப்பையில் நடக்கப்போகும் கலக்கல் அதே அமைலேஸை நிறுத்திவிடும். இயந்திரச் செரிமானம் எல்லா நொதிக்கும் எப்போதும் நல்லது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட முடியாது. எந்த நொதி, எந்த இடம், எந்த நேரம் என்று பார்க்கவேண்டும்.

மெல்லுவது வேகத்தை மாற்றுகிறதா என்று மனிதர்களிடமே நேராகச் சோதித்திருக்கிறார்கள். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், சோறு, உருளைக்கிழங்கு, ஆப்பிள், மக்காச்சோளம் ஆகியவற்றைச் சிலருக்குக் கொடுத்து, ஒருமுறை நன்றாக மென்றும் இன்னொரு முறை மெல்லாமல் அப்படியே விழுங்கியும் சாப்பிடச் சொன்னார்கள். மெல்லாமல் விழுங்கியபோது இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. உணவு அதேதான், நொதியும் அதேதான். நொதிக்கு எட்டிய பகுதிதான் வேறு.

தாவர உணவில் இன்னொரு கதவு இருக்கிறது, அதுதான் செல் சுவர். மாவுச்சத்தும் எண்ணெயும் புரதமும் செல்லுக்கு உள்ளே இருக்கின்றன; சுற்றிலும் செல்லுலோஸும் பெக்டினும் கலந்த சுவர். செல்லுலோஸை வெட்டும் நொதி நம் உடலில் சுரப்பதில்லை. உணவுப்பாதையின் மேல்பகுதியில் அந்தச் சுவரைத் திறக்க நம்மிடம் இருக்கும் முக்கியமான கருவி பல்தான். இந்த இடத்தில் 'துண்டு சிறிதாகிறது' என்று சொன்னால் போதாது. 'செல் உடைகிறதா' என்று கேட்கவேண்டும்.

பாதாமை எடுத்துக்கொள்வோம். அதன் செல் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். 1 மில்லிமீட்டர் கனசதுரத் துண்டுக்குள் 15,000-க்கு மேல் செல்கள் இருக்கும். கடிக்கும்போது உடைவது வெட்டு முகத்தில் உள்ள ஓர் அடுக்கு மட்டும் என்று கொண்டால், ஏறத்தாழ 22 சதவீதச் செல்கள்தான் திறந்திருக்கும். துண்டு 2 மில்லிமீட்டராக இருந்தால் அது 12 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மீதிச் செல்கள் தங்கள் எண்ணெயோடு அப்படியே பூட்டிக் கிடக்கின்றன. பல்லில் நன்றாக அரைபட்டது போலத் தோன்றும் பாதாம் கூட, கொழுப்பை வெட்டும் நொதியான லைபேஸின் பார்வையில் பெரும்பாலும் திறக்கப்படாத பொட்டலம்தான்.

இந்தக் கணக்கு வெறும் தாளில் போட்டது அல்ல, உடலிலும் தெரிகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட அளவீட்டில், 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைத்தது 129 கலோரி; வழக்கமான கணக்கிடும் முறை சொன்னதோ ஏறத்தாழ 170. மீதி மலத்தோடு வெளியேறிவிட்டது. பின்னர் 2016-இல் அவர்கள் நறுக்கிய பாதாம், வறுத்த பாதாம், பாதாம் விழுது என்று சோதித்தபோது, விழுதாக அரைத்ததில் மட்டும் இந்த இழப்பு காணாமல் போனது. இதற்கு முன்பே, 2009-இல், ஒரே அளவு பாதாமை 10 முறை, 25 முறை, 40 முறை மெல்லச் சொல்லிப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 10 முறை மட்டும் மென்றவர்களின் மலத்தில்தான் கொழுப்பு அதிகமாக இருந்தது. இந்த இடத்தில் வேகமும் மொத்த அளவும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் கவனியுங்கள். குடலில் உணவு இருக்கும் நேரம் வரம்புக்குட்பட்டது. அந்த நேரத்துக்குள் முடியாத அளவுக்கு மெதுவாக நடக்கும் செரிமானம், மெதுவான செரிமானமாக இல்லாமல் நடக்காத செரிமானமாகவே முடிகிறது.

கேரட்டிலும் இதே கதைதான். ஆய்வகத்தில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த ஒரு சோதனையில், பச்சைக் கேரட்டுத் துண்டுகளிலிருந்து 3 சதவீத பீட்டா கரோட்டின் மட்டுமே வெளிவந்தது. நன்றாக அரைத்த கூழிலிருந்து 21 சதவீதம். கூழை வேகவைத்ததும் 27, சமையல் எண்ணெய் சேர்த்ததும் 39. அரைத்தபோது வந்த தாவல்தான் எல்லாவற்றிலும் பெரியது.

வேகவைத்த உணவில் ஒரு திருப்பம் இருக்கிறது, இதை விட்டுவிட மனமில்லை. வேகவைப்பதால் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சிப் பொங்கி நொதிக்கு எளிதாகிவிடுகின்றன. இது பெரிய உதவி. ஆனால் பருப்பு வகைகளை வேகவைக்கும்போது செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின்தான் முதலில் இளகுகிறது. செங்கல் சுவரில் சாந்து மட்டும் கரைந்துபோனால் செங்கற்கள் உடையாமல் தனித்தனியாகக் கழன்று விழுமே, அப்படித்தான். வாயில் மசிந்து குழைவது போலத் தெரியும், மெல்லவே தேவையில்லை என்று தோன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் முழுசாக இருக்கும், உள்ளே வெந்த மாவுச்சத்தும் பத்திரமாக இருக்கும். பச்சைக் கேரட்டைக் கடித்தால் செல்லே பிளக்கிறது. வெந்த பருப்பை நசுக்கினால் செல்கள் பிரிகின்றனவே தவிரப் பிளப்பதில்லை. பருப்பு வகைகளின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே பருப்பை முன்பே நைசாக மாவாக்கிச் சமைத்தால் அந்தத் தடை போய்விடும், செரிமானம் வேகமெடுக்கும். மென்மையாக இருப்பதும் திறந்திருப்பதும் ஒன்றல்ல.

இறைச்சியில் செல் சுவர் கிடையாது. அங்கே நார்க்கட்டுகளும் அவற்றைச் சுற்றிய இணைப்புத் திசுவும்தான் தடை. வயதான ஆண்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரே அளவு மாட்டிறைச்சியை முழுத் துண்டாகவும் கொத்திய இறைச்சியாகவும் கொடுத்து, அதிலிருந்து வந்த ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் தோன்றுவதை 6 மணி நேரம் அளந்தார்கள். கொத்தியதில் 61 சதவீதம், முழுத் துண்டில் 49 சதவீதம். பல் இழந்தவர்களுக்கும் பொருந்தாத பல்செட்டோடு சிரமப்படுபவர்களுக்கும் இந்த வித்தியாசம் ஏட்டு விஷயம் அல்ல. தட்டில் இருக்கும் புரதம் தசைக்குப் போய்ச் சேர்கிறதா இல்லையா என்ற விஷயம். அவர்களுக்கு இறைச்சியைக் குறைக்கச் சொல்வதைவிடக் கொத்திக் கொடுக்கச் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இரைப்பைக்கு வருவோம். வேகக் கணக்கில் மிக முக்கியமான இடம் இதுதான் என்பது என் கருத்து, பெப்சினுக்காக அல்ல, வாசலுக்காக. இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறை சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கமும் உணவைப் பைலோரஸ் என்ற கீழ்வாசலை நோக்கித் தள்ளுகிறது. வாசல் கொஞ்சம்தான் திறந்திருக்கும். நீர்மமும் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் துகள்களும் வெளியே போகும், மற்றவை மோதிப் பின்னால் பீய்ச்சப்படும். அந்த மோதலிலும் உரசலிலும்தான் துண்டுகள் சிறிதாகின்றன. பெப்சினும் அமிலமும் துண்டின் வெளிப்புறத்தை இளக்குகின்றன, உரசல் அந்த இளகிய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிடுகிறது, புதிய பரப்பு வெளியே தெரிகிறது, பெப்சின் மறுபடி தொடங்குகிறது. இங்கே இயந்திர வேலை முதலில், வேதி வேலை பிறகு என்ற வரிசையே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கைதூக்கிவிடுகின்றன. வேதி வேலை இல்லாவிட்டால் உரசலுக்குத் துண்டு மசியாது. உரசல் இல்லாவிட்டால் செரித்த கூழ் துண்டின் மேலேயே படிந்து நொதிக்கு மறைப்பாகிவிடும்.

நம் வேதிச் செரிமானத்தில் பெரும்பகுதி நடப்பது சிறுகுடலில், கணைய நொதிகளால். அந்த நொதிகளை அடைய உணவு முதலில் பைலோரஸைத் தாண்டவேண்டும். தண்ணீர் சில நிமிடங்களிலேயே தாண்டத் தொடங்கிவிடும். திட உணவு பெரும்பாலும் 20, 30 நிமிடம் வெளியேறாமல் அரைபட்டுக்கொண்டே இருக்கும், அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் போகத் தொடங்கும். வாயில் சரியாக மெல்லாத உணவுக்கு இந்தக் காத்திருப்பு நீளும். தொடர்ச்சியான பல படிகள் கொண்ட வேலையில் மிக மெதுவான படிதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும் அல்லவா? திட உணவுக்கு அந்த மெதுவான படி பல நேரங்களில் இந்த அரைப்புத்தான். கணையத்தில் எவ்வளவு நொதி இருந்தாலும் அது வாசலுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கவேண்டியதுதான். அரைபடவே மறுக்கும் பெரிய துண்டுகள், அடுத்த வேளைக்கு முன் இரைப்பை காலியாக இருக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் வலுவான துப்புரவு அலையில்தான் வெளியேற்றப்படும்.

உடல் இந்த வேகத்துக்குக் கடிவாளமும் போட்டிருக்கிறது. முன்சிறுகுடலில் கொழுப்போ அமிலமோ அதிகம் வந்தால் கோலிசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து இரைப்பையை மெதுவாக்கும். எனவே உணவை அரைத்துக் கூழாக்கிக் குடித்தாலும் எல்லாம் ஒரே வேகத்தில் கொட்டிவிடாது. ஆனாலும் கடிவாளம் முழுதாக ஈடுகட்டுவதில்லை. 1977-இல் ஆப்பிளை முழுசாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தபோது முழு ஆப்பிளைச் சாப்பிட்டதைவிட 11 மடங்கு வேகமாகச் சாற்றைக் குடித்து முடித்தார்கள். இன்சுலின் அதிகம் ஏறியதும் சாறுக்குத்தான். 1988-இல் கோதுமையை முழுத் தானியம், உடைத்தது, கொரகொர மாவு, நைஸ் மாவு என்று நான்கு விதமாகக் கொடுத்தபோது, நுணுகும் வரிசையிலேயே இன்சுலின் ஏறியது. அதே ஆய்வில் ஓட்ஸில் அந்த ஏற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்; ஒவ்வொரு தானியத்துக்கும் அதன் கட்டமைப்பு வேறு. வேகமான செரிமானம் எப்போதும் நல்லது என்ற எண்ணத்தை இந்த இடத்தில் விட்டுவிடுவது நல்லது. பல்லில்லாத முதியவருக்கு வேகம் உதவி; இரத்தச் சர்க்கரை எகிறுபவருக்கு ஆலையில் ஏற்கெனவே நைசாக அரைபட்டு வந்த மாவின் வேகம் தொல்லை.

சிறுகுடலில் துண்டாக்கும் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மீதி இருப்பது கலக்குவது. முன்சிறுகுடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முறை அங்கங்கே வளையம் வளையமாகச் சுருங்கும், குடலின் கடைசிப் பகுதி 8 முறை அளவில். இந்தச் சுருக்கங்கள் உணவை முன்னே தள்ளுவதைவிட இங்குமங்கும் புரட்டுவதையே அதிகம் செய்கின்றன. புரட்டுவதால் கணைய நீரும் பைகார்பனேட்டும் எல்லா இடத்திலும் கலந்து அமிலத்தைத் தணிக்கின்றன. கணைய நொதிகளுக்கு அந்தச் சூழல்தான் வேண்டும். அப்புறம், மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் போன்ற கடைசிக்கட்ட நொதிகள் நீர்மத்தில் மிதப்பவை அல்ல, குடல் சுவரின் செல்களிலேயே பதிந்திருப்பவை. பாதி செரித்த மூலக்கூறுகள் சுவரைத் தொட்டால்தான் வேலை முடியும். புரட்டல் இல்லாவிட்டால் குழாயின் நடுவில் இருப்பவை பரவலை நம்பித்தான் சுவரை அடையவேண்டும். பரவலின் வேகம் என்ன என்று மேலே பார்த்தோம்.

கொழுப்பு தனிக் கதை. அதைக் கரைசலில் வைத்து வெட்டமுடியாது. லைபேஸ் எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லைப் பரப்பில் உட்கார்ந்துதான் வெட்டுகிறது. எனவே பரப்பளவு வாதம் மிகத் தூய்மையாகப் பொருந்தும் இடம் இது. 1 மில்லிமீட்டர் எண்ணெய்த் துளி 1 மைக்ரோமீட்டர் துளிகளாகப் பிரிந்தால் பரப்பளவு 1,000 மடங்கு. முதல் கரடுமுரடான பிரிப்பை இரைப்பையின் கடைதல் செய்கிறது; பிரிந்த துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் பித்த உப்புகள் பார்த்துக்கொள்கின்றன. பிணைப்பு எதையும் உடைக்காததால் பித்தநீரின் வேலையை இயந்திரச் செரிமானத்தின் பக்கம் சேர்ப்பதுதான் சரி. பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பித்த உப்பு துளியின் மேற்பரப்பு முழுவதையும் போர்த்திக்கொண்டு லைபேஸையே தள்ளிவிடப் பார்க்கும். கோலைபேஸ் என்ற சிறு புரதம் கணையத்திலிருந்து கூடவே வந்து லைபேஸைத் துளியின் மேல் நங்கூரம் போட்டு வைக்கிறது. பரப்பைக் கூட்டினால் மட்டும் போதாது, அந்தப் பரப்பில் நொதிக்கு இடமும் கிடைக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மெல்லாமலே வாழும் விலங்குகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மலைப்பாம்பு இரையை முழுசாக விழுங்குகிறது. அதைச் செரிக்கப் பல நாட்கள் எடுத்துக்கொள்கிறது, செரிமானத்துக்கே பெரும் ஆற்றலைச் செலவழிக்கிறது. 2007-இல் பர்மிய மலைப்பாம்புகளுக்கு அரைத்த இறைச்சியைக் கொடுத்தபோது அந்தச் செலவு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்தது. வேகவைத்ததிலும் அதே அளவு. அரைத்து வேகவைத்ததில் 23 சதவீதம். பல் இல்லாத பறவைகளுக்கு அரைவைப்பை இருக்கிறது. தானியம் தின்னும் பறவைகள் அதில் சிறு கற்களையும் வைத்திருக்கின்றன. மாடு அசைபோடுகிறது. உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவேண்டிய விலங்குக்கு நாள்கணக்கில் காத்திருக்க வசதியில்லை, எங்காவது ஓரிடத்தில் அரைத்தாகவேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் நேரில் காட்ட விரும்பினால் ஒரு யோசனை. ஹைட்ரஜன் பெராக்சைடில் உருளைக்கிழங்குத் துண்டையும் நசுக்கிய உருளைக்கிழங்கையும் போட்டு நுரையை ஒப்பிடும் சோதனையை இதற்காகப் பலர் காட்டுகிறார்கள். அதில் நொதி உருளைக்கிழங்குக்குள் இருக்கிறது. நசுக்குவதால் நொதிதான் வெளியே வருகிறது. செரிமானத்தில் நொதி வெளியே, உணவு உள்ளே. தலைகீழான சோதனை அது. அதற்குப் பதிலாக வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை எடுங்கள். மூன்று சோதனைக் குழாய்களில் ஒரே எடை, 1 கிராம் அளவில்: ஒன்றில் முழுத் துண்டு, ஒன்றில் பொடியாக நறுக்கியது, ஒன்றில் சல்லடையில் தேய்த்தது. மூன்றிலும் ஒரே அளவு பெப்சின் கரைசலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஊற்றி 37 டிகிரி செல்சியஸ் நீர்த்தொட்டியில் வையுங்கள். அமிலத்தை ஆசிரியர் கையாளட்டும். நான்காவது குழாயில் தேய்த்த வெள்ளைக்கருவும் அமிலமும் மட்டும், பெப்சின் வேண்டாம். ஐந்தாவதில் முதல் குழாயைப் போலவே முழுத் துண்டு, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குலுக்கவேண்டும். முதலில் தெளிவது தேய்த்ததுதான். நறுக்கியது அடுத்து. முழுத் துண்டில் விளிம்புகள் மட்டும் ஒளிபுகும்படி மாறி நடு வெள்ளையாகவே நிற்கும். குலுக்கிய குழாயில் அந்த விளிம்பு இன்னும் சீக்கிரம் தேயும். பெப்சின் இல்லாத குழாயில் வெள்ளைக்கரு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் மணிக்கணக்கில் கலங்கலாகவே இருக்கும்.